மஞ்சள் நூலில் எத்தனை வரிசை

நாலு. நாக்கு நுனியில் நாலு என்று ஓர் எண் உட்கார்ந்திருந்தது. ஆனால் அது எதனுடைய நாலு என்று சுகந்திக்குத் தெரியவில்லை. பின்னலில் இரண்டாவது பத்தின் நாலாவது வரிசையா, வயிற்றுக்குள் பிள்ளை அசைந்த நாலாவது அசைவா. இரண்டையும் எண்ணுவது அவள்தான், இரண்டுக்கும் ஒரே வாய், ஒரே முணுமுணுப்பு. மதியம் சாப்பிட்டுக் கை கழுவி ஒன்று பத்துக்கு இந்த ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மடியில் பின்னல். பக்கத்து ஸ்டூலில் இரண்டு டப்பா மூடி, ஒன்றில் காய்ந்த அவரைக் கொட்டை, இன்னொன்று காலி. ஒரு வரிசை முடிந்தால் ஒரு கொட்டையை எடுத்துக் காலி மூடியில் போட வேண்டும். பள்ளிக்கூடத்தில் கைவேலை எடுத்த எஸ்தர் டீச்சர் சொல்லிக்கொடுத்த வழி அது. உங்கள் மனசை நம்பாதீர்கள், அது பாதி நேரம் வீட்டில் இருக்காது, கொட்டையை நம்புங்கள் என்பார். பிள்ளையின் கணக்குக்குக் கொட்டை கிடையாது. இது முப்பத்தி நாலாவது வாரம். போன செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்த கிராம நர்ஸ், தினமும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஓரிடத்தில் உட்கார்ந்து அசைவை எண்ணச் சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வர வேண்டும். வந்தால் எழுந்து வேலையைப் பார்க்கலாம். வராவிட்டால் யோசிக்காமல் ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும். விரல்கணுவில் எண்ணு என்று கட்டைவிரலை ஒவ்வொரு கணுவாக வைத்துக் காட்டினாள். அதெல்லாம் கையைச் சும்மா வைத்திருக்கிறவர்களுக்கு. சும்மா உட்கார்ந்து வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தால் சுகந்திக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் கை பின்னட்டும், வாய் எண்ணட்டும் என்று வைத்துக்கொண்டாள். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அப்படித்தான் நடந்தது, ஒரு மணி நேரம்கூட ஆகாமல் பத்து வந்துவிட்டது. இன்று சனிக்கிழமை. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பத்து. மூடியில் பதினாலு கொட்டை கிடந்தது.

பதினாலும் வரிசைக்கானவை என்றால் நாக்கில் இருக்கிற நாலு, பதினாலின் நாலு. பத்துக்கு அப்புறம் அவள் பதினொன்று, பன்னிரண்டு என்று போவதில்லை. மறுபடி ஒன்று, இரண்டு என்றுதான் ஆரம்பிப்பாள். அப்படியென்றால் பிள்ளைக்கு என்று ஓர் எண்ணும் மிச்சம் இல்லை. ஒரு மணி நேரத்தில் ஒன்றுகூட இல்லை. அப்படி இருக்க முடியாது. நடுவில் ஒரு தடவை, இல்லை இரண்டு தடவை, உள்ளே ஏதோ புரண்டபோது கை தன்பாட்டுக்கு ஒரு கொட்டையை எடுத்துப் போட்டதாக ஞாபகம் இருந்தது. கைக்கு என்ன தெரியும், எண் சொன்னால் கொட்டை போடு என்று பழக்கியிருக்கிறோம், போட்டிருக்கும். அப்படி நாலு போட்டிருந்தால் வரிசை பத்து, அசைவு நாலு. ஒரு மணி நேரத்துக்கு நாலு, குறைச்சல்தான், ஆனால் உயிர் உள்ள கணக்கு. இதைத் தீர்த்துக்கொள்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இது இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் போடுகிற சாதாரணப் பின்னல். ஊசி போய்த் திரும்பி வந்தால் துணியில் ஒரு வரப்பு எழும்பும், இரண்டு வரிசைக்கு ஒரு வரப்பு. நேற்றோடு வெள்ளை நூல் தீர்ந்துவிட்டது. இன்று ஒன்று பத்துக்கு மஞ்சள் நூலை முடிந்துதான் முதல் வரிசையைத் தொடங்கினாள். ஆகவே மடியில் மஞ்சளாக இருப்பதெல்லாம் இன்றைக்குப் போட்டது, இந்த நாற்காலியில் போட்டது. நகத்தால் தொட்டு எண்ணினால் போதும். ஏழு வரப்பு இருந்தால் பதினாலு வரிசை, கொட்டையெல்லாம் வரிசைக்கே சரியாகப் போய்விடும், பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. ஐந்து வரப்பு என்றால் நாலு கொட்டை பிள்ளையுடையது. சின்னக் குழந்தைக்குக்கூட வருகிற கணக்கு. அவள் குனிந்து பார்க்கவில்லை. முந்தானையை இழுத்து மஞ்சள்மேல் போட்டு, ஊசி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, அடுத்த வரிசையை ஆரம்பித்தாள்.

ஊசியில் அறுபது கண்ணி. குத்து, நூலைச் சுற்று, இழு, தள்ளு. அறுபது தடவை இதையே செய்தால் ஒரு வரிசை, நாலைந்து நிமிஷம் ஓடிவிடும். இந்த நாலைந்து நிமிஷத்துக்குள் ஒன்று வந்துவிடட்டும். ஒன்றே ஒன்று. பெரிய உதைகூட வேண்டாம், வழக்கமாக வலது விலாவுக்குக் கீழே குதிகாலை வைத்து மெதுவாகத் தள்ளுமே, அது போதும். அந்த இடம் அவளுக்குத் தெளிவாகத் தெரியும், அங்கே தள்ளினால் மூச்சு ஒரு நொடி நின்று போகும். இப்போதுகூட அங்கே தள்ளின மாதிரிதான் இருக்கிறது. ஆனால் இப்போது தள்ளியதா, நேற்றுத் தள்ளினதன் மிச்சமா. வலிக்குத் தேதி கிடையாது. பல் பிடுங்கின இடத்தில் ஒரு வாரம் கழித்தும் பல் இருக்கிற மாதிரிதானே இருக்கும். சாப்பிடும்போது தள்ளியதே. கத்தரிக்காய்ப் பொரியலை எடுத்துப் போட்டுக்கொண்டபோது. இல்லை, கத்தரிக்காய் நேற்று. இன்று பீட்ரூட். காலையில் துணி துவைத்தபோது அசைந்ததா. துவைக்கவே இல்லை, அத்தை விடவில்லை. காலையில் எழுந்தபோது. எழுந்தபோது என்ன செய்தோம். பல் விளக்கினோம், புருஷன் லோகுவுக்குச் சாப்பாடு கட்டினோம், அவன் டீ ஃபாக்டரிக்குப் போகிற அவசரத்தில் வயிற்றில் கை வைத்துவிட்டு, தூங்குது போல என்று சொன்னான். சொன்னானா. தூங்குது போல. அவனுக்குக் காலையிலேயே கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லையா. இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. கண்ணியை எண்ண வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் எண்ணினாள். எண்ணுவதற்கு ஏதாவது இருந்தால் தேவலை.

முதல் பிள்ளையின்போது யாரும் எண்ணச் சொல்லவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது. அப்போது எட்டாம் மாதம், வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை, சாமான்களை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டு, கழுவி, திரும்ப உள்ளே வைத்து, அவள் ஒரு முழு நாள் நிமிரவில்லை. மறுநாள் காலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் வயிறு வெறும் பாரமாக இருப்பது உறைத்தது. ஆஸ்பத்திரியில் குளிர்ந்த களிம்பைத் தடவி ஸ்கேன் கருவியை இங்கே அங்கே என்று நகர்த்திப் பார்த்த லேடி டாக்டர், திரையை அவள் பக்கம் திருப்பாமலே, கடைசியா எப்பம்மா அசைஞ்சது என்று கேட்டார். திட்டுகிற குரல் இல்லை. நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். சுகந்திக்குப் பதில் தெரியவில்லை. நேற்றா, முந்தின நாள் ராத்திரியா. வெள்ளையடிக்கிறவர்களுக்கு எத்தனை டீ போட்டோம் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஒரு தாய்க்கு இதுகூடத் தெரியாதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுது தீர்த்திருக்கலாம், யாரும் கேட்காததால் அது உள்ளேயே தங்கிவிட்டது. பெண் குழந்தை. தலை நிறைய முடி. லோகு துண்டை விலக்கிப் பார்த்தான், அவள் பார்க்கவில்லை. வேண்டாம் அம்மிணி, பார்த்தால் மறக்காது என்று லோகுவின் அம்மா ராஜாமணி அத்தை அவள் கண்ணைத் தன் கையால் மூடினாள். பார்க்காததும் மறக்கவில்லை. முப்பத்தேழு, முப்பத்தெட்டு. நூல் ஓரிடத்தில் பிரிந்து ஊசி முனையில் சிக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்து எடுத்தாள்.

அந்தப் பிள்ளைக்கும் ஒரு கோட்டு பின்னியிருந்தாள். எல்லோர் கண் முன்னாலும், இதே ஜன்னலோரம் உட்கார்ந்து, வெள்ளை வெளேரென்று, கையில்கூட ரிப்பன் கோக்க ஓட்டை விட்டு. பிறக்காத பிள்ளைக்குத் துணி சேர்க்கக் கூடாது என்று இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. இந்த வீட்டில் என்ன, இந்தத் தெருவிலேயே உண்டு. தொட்டில் வாங்கக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, புதுத்துணி ஒரு முழம் வீட்டுக்குள் வரக் கூடாது, பிறந்த பிள்ளையைக்கூட முதலில் பழைய துணியில்தான் சுற்ற வேண்டும். சுகந்தி அப்போது சிரித்தாள். கோத்தகிரிக் குளிரில் பழைய வேட்டியைச் சுற்றினால் பிள்ளை விறைத்துப் போகாதா என்று கேட்டாள். அத்தை ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். பிள்ளை போன பிறகும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னது நாத்தனார்தான், அதுவும் இவளிடம் சொல்லவில்லை, அடுப்படியில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது: முன்னாடியே பின்னி வெச்சுட்டு உட்கார்ந்திருந்தா. அந்தக் கோட்டை சுகந்தி தூக்கிப் போடவில்லை. ஒரு நாள் எல்லோரும் வெளியே போனபோது உட்கார்ந்து பிரித்தாள். ஒரு மாதம் பின்னினதைப் பிரிக்க அரை மணி நேரம் ஆகவில்லை. நூல் சுருள் சுருளாக வந்தது. நனைத்து, கனத்துக்கு ஒரு டம்ளரைக் கட்டிக் காயப்போட்டு, நேராக்கிச் சுற்றி, டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள். இந்தப் பிள்ளைக்கு அந்த நூலைத்தான் எடுத்தாள். அது புதுசு இல்லையே, வீட்டில் கிடந்த பழைய நூல்தானே, வழக்கத்துக்கு இதில் என்ன குற்றம் என்று தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டாள். கேட்டவர்களிடம் ஃபாக்டரி கிளார்க்கின் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அதற்கு என்று சொல்லிவைத்தாள். வெள்ளை நூல் இருந்த வரைக்கும் பிள்ளை நன்றாகத்தான் உதைத்தது. நேற்றுச் சாயங்காலம் நூல் பாதி முதுகோடு தீர்ந்து போனது. முதல் பிள்ளைக்குத் திட்டம் பண்ணின நூல் இதற்குப் போதவில்லை, கொஞ்சம் பெரிசாகப் போடலாம் என்று ஆசைப்பட்டதுதான் காரணம். லோகுவிடம் பஜாரில் ஒரு உண்டை மஞ்சள் உல்லன் வாங்கி வரச் சொன்னாள். இந்தப் பிள்ளைக்கு என்று வாங்கிய முதல் புதுச் சாமான் அது. அதை ஊசியில் ஏற்றி ஒரு மணி நேரம் ஆகிறது. சீ, நூலுக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம். பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவள் நீ. ஐம்பத்தொன்பது, அறுபது. ஒரு கொட்டையை எடுத்து மூடியில் போட்டாள். பதினைந்து. இது வரிசைக்கானது. இது நிச்சயம் வரிசைக்கானது.

அத்தை நடுவில் வராமல் இருந்திருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. ஒன்றரை மணி இருக்கும், பக்கத்து வீட்டில் கொடுத்த உருளைக்கிழங்கை முந்தானையில் கட்டிக்கொண்டு வந்து நின்று, எங்கே கொட்ட என்று கேட்டாள். எங்கே கொட்டுவது என்று அத்தைக்குத் தெரியாதா, இந்த வீட்டில் முப்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறாள். எத்தனை அசைவு வந்தது என்று கேட்க வந்தவள், அதைக் கேட்க வாய் வராமல் உருளைக்கிழங்கைக் கேட்டாள். கட்டிலுக்கு அடியில் என்று சுகந்தி சொன்னாள். சொன்னபோது வாயிலிருந்த எண் கீழே விழுந்துவிட்டது. திரும்பப் பொறுக்கி எடுத்தபோது எந்த எண்ணை எடுத்தோம். அத்தை போகாமல் மஞ்சள் நூலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிளார்க்கு வீட்டுப் பிள்ளைக்கு மஞ்சள் எடுப்பாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த நேரத்தில்தான் ஏதோ அசைந்தது. அசைந்ததுதான், சத்தியமாக. குறுக்கே ஒரு புரளல். வாயுவாக இருந்தால்கூட அது இடது பக்கம் கீழேதான் ஓடும், இது நடுவில். இல்லை, பயத்தில் அவளுடைய வயிறே இழுத்துக்கொண்டதா. பொய் சொன்னால் அவளுக்கு வயிறு இழுக்கும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். வெளியே மூடுபனி ஏறி எதிர்ச்சரிவுத் தேயிலையைப் பாதி அழித்துவிட்டது. யாரோ கீழ்ச் சாலையில் விறகு உடைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது. அசைவு குறைவாக இருக்கிற மாதிரி தோன்றினால் ஏதாவது இனிப்பாகக் குடித்துவிட்டு இடது பக்கமாகப் படுத்துப் பார். எழுந்து போய் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கலக்குவது எத்தனை நேரம். ஆனால் அடுப்படியில் அத்தை இருக்கிறாள். டம்ளரில் சர்க்கரையைப் போட்டால் அந்தச் சத்தத்திலேயே அத்தைக்குத் தெரிந்துவிடும். அத்தைக்குத் தெரிந்துவிட்டால் அது நடந்த மாதிரி ஆகிவிடும். இப்போது வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. இப்போது வரைக்கும் மூடியில் கொட்டைகள் கிடக்கின்றன, அதில் நாலு பிள்ளையுடையதாக இருக்கலாம், அவ்வளவுதான்.

இந்த வரிசை முடியட்டும், எண்ணிவிடுவோம் என்று வைத்துக்கொண்டாள். வரிசை நடுவில் நிறுத்தினால் கண்ணி நழுவும், நழுவின கண்ணி அடி வரைக்கும் ஓடும் என்பது எஸ்தர் டீச்சரின் சட்டம். சட்டத்தை மதிக்க இத்தனை ஆசை அவளுக்குப் பள்ளிக்கூடத்தில்கூட இருந்ததில்லை. வரிசை முடிந்தது. ஒரு வரிசைக்கு இரண்டு வரிசை நேரம் எடுத்துக்கொண்டிருந்தாள். கொட்டை போட்டாள், பதினாறு. சரி, ஊசியைத் திருப்பிவிட்டோம், இன்னொரு வரிசை போனால் வரப்பு முழுசாகும், எண்ணத் தோதாக இருக்கும். அது ஏற்கெனவே முழுசாகத்தான் இருந்தது. பதினாறு என்றால் இரட்டை எண்தானே. ஆனால் பிள்ளையுடைய கொட்டை மூன்றாக இருந்தால் வரிசை பதின்மூன்று, அது ஒற்றை, அப்போது பாதி வரப்பு நிற்கும், எண்ணும்போது தப்பாகும் இல்லையா. ஆமாம் என்று அவளே பதில் சொல்லிக்கொண்டாள். மனசு இருக்கிறதே, அதைப் போல ஒரு கள்ளன் ஊர் உலகத்தில் கிடையாது, கையில் விளக்கைக் கொடுத்தால் அதை ஊதி அணைத்துவிட்டு இருட்டாக இருக்கிறது என்று அழும். பதினேழாவது கொட்டை விழுந்தபோது மணி இரண்டரையைத் தாண்டியிருந்தது. பிள்ளையிடம் பேசிப் பார்த்தாள். பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பதால் வெறுமே, ஏய், என்றாள். ஏய், அம்மா கூப்பிடறேன். நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடினாள். வயிறு அவளோடு சேர்ந்து ஆடியது, பிறகு அவளோடு சேர்ந்து நின்றது. தொட்டுப் பார்த்தால் சூடாகத்தான் இருந்தது. சூடு என்ன சூடு, அது அவளுடைய சூடு. அன்றைக்கும் சூடாகத்தான் இருந்தது. அந்த நினைப்பு வந்ததும் கை வேகம் பிடித்தது. குத்து, சுற்று, இழு, தள்ளு. இறுக்கமாக விழுகிறது, இந்த வரிசை மட்டும் தனியாகத் தெரியும், தெரியட்டும். நூல் விரலை அறுத்தது. ஒரு பிள்ளை தூங்கக் கூடாதா. பெரிய மனுஷர்களே மதியம் சாப்பிட்டால் ஒரு மணி நேரம் தூங்குகிறார்கள். புதன் தூங்கவில்லை, வியாழன் தூங்கவில்லை, வெள்ளி தூங்கவில்லை. இன்றைக்கு அசதி. தூங்குது போல. அறுபது. பதினெட்டு.

முந்தானை தானாகத்தான் சரிந்தது. ஊசியைத் திருப்பும்போது நுனி அதில் மாட்டி இழுத்துக்கொண்டு வந்தது. மஞ்சள் மடியில் பளிச்சென்று கிடந்தது. நினைத்ததைவிட உயரமாக இருந்தது. எண்ணுவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பின்னுகிறவர்களுக்குக் கண்ணே அளவுகோல், ஏழு வரப்பு எத்தனை உயரம் வரும் என்று அவளுக்குத் தெரியாதா. ஆனாலும் எண்ணினாள். வெள்ளையும் மஞ்சளும் முடிந்திருக்கிற இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து ஒவ்வொன்றாக மேலே ஏறினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழில் நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஏழுக்கு மேலே எட்டு இருந்தது. எட்டுக்கு மேலே, இறுகிப் போய், ஒன்பது. ஒன்பது வரப்பு, பதினெட்டு வரிசை. மூடியைக் கவிழ்த்து மடியில் கொட்டி எண்ணினாள். பதினெட்டுக் கொட்டை. ஒன்றுகூடப் பிள்ளையுடையது இல்லை. கை தப்பே செய்யவில்லை, ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று என்று ஒழுங்காகப் போட்டிருக்கிறது. அசைந்தபோது கை போட்டதாக ஞாபகம் இருந்ததே, அந்த ஞாபகத்தை அவளே உட்கார்ந்து பின்னியிருக்கிறாள். அவள் அழவில்லை. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டு நாற்பத்தைந்து. இரண்டு பத்துக்கே நகத்தை வைத்து எண்ணியிருக்கலாம். எண்ணியிருந்தால் இந்நேரம் பாதி மலை ஏறியிருக்கும் ஜீப். போன தடவை அவளுக்குத் தெரியவில்லை, தெரியாததற்கு இரண்டு வருஷமாகத் தன்னைத் தானே தின்றுகொண்டிருந்தாள். இந்தத் தடவை தெரியும். தெரிந்துகொண்டே முப்பத்தைந்து நிமிஷம் முந்தானையைப் போட்டு மூடி வைத்திருந்தாள். இந்த முப்பத்தைந்து நிமிஷத்தை யாரிடம் போய்ச் சொல்வது. டாக்டர் கேட்டால் இதையா சொல்வது, நாலு வரிசை போட்டேன் டாக்டர் என்று.

அத்தை என்று கூப்பிட்டாள். குரல் வந்ததா என்று சந்தேகமாக இருந்தது, ஆனால் கூப்பிட்டு முடிப்பதற்குள் அத்தை வாசற்படியில் நின்றாள். அடுப்படியில் அத்தை எந்த வேலையும் செய்துகொண்டிருக்கவில்லை, இவ்வளவு நேரமும் சுவருக்கு அந்தப் பக்கம் சும்மா நின்றிருக்கிறாள் என்று சுகந்திக்கு அப்போதுதான் புரிந்தது.

"ஒண்ணும் வரலைங்க அத்தை. ஒண்ணுகூட வரலை."

 அத்தை கீழ்ச் சாலைக்கு இறங்கி, வாடகைக்கு ஓட்டுகிற ஆல்துரையின் ஜீப்பைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள், வந்த கையோடு ஒரு டம்ளரில் வெல்லத்தைக் கரைத்து அவள் வாயில் வைத்துக் குடிக்க வைத்தாள், ஃபாக்டரிக்குப் போன் போட்டு லோகு எடுக்காததால் ஆபீஸில் யாரிடமோ சொல்லி வைத்தாள். ஸ்வெட்டரை எடுத்து அவளுக்கு மாட்டிவிட்டாள். சுகந்தி ஊசியோடு இருந்த பின்னலை நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்தாள். அத்தை திரும்பிப் போய் அதை எடுத்து, நூல் உண்டையைச் சேர்த்துச் சுருட்டி அவள் கையில் கொடுத்தாள்.

"இதையும் வெச்சுக்க அம்மிணி. ஊட்டில பிள்ளைக்குக் குளிரும்."

வழக்கம் மீறாத அத்தை அதைச் சொன்னாள். சுகந்தி அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் உடைந்துவிடுவாள். ஜீப்பின் பின்சீட்டில் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, தலையைத் தன் மடியில் தாங்கி, அத்தை தன் வலது கையை விரித்து அவள் வயிற்றின்மேல் வைத்தாள். உருளைக்கிழங்கு மண் இன்னும் நகத்தில் இருந்தது. ஆல்துரை மூடுபனி விளக்கைப் போட்டுக்கொண்டு ஏறினான். முதல் வளைவிலேயே சுகந்தி, நான் எண்ணாமல் விட்டுவிட்டேன் அத்தை என்று சொல்ல ஆரம்பித்தாள். மூடி வைத்ததையும், சர்க்கரைத் தண்ணீரையும், நாலையும் கலந்து கலந்து சொன்னாள்.  அத்தை சுருட்டிய பின்னலை விரித்து ஊசியை அவள் விரல்களுக்குள் திணித்தாள்.

"நீ அதைப் பாரு. இதை நான் எண்ணிக்கறேன்."

படுத்தபடி பின்னுவது கடினம். ஜீப் குலுங்கும்போது கண்ணி இரண்டு நழுவியது, விட்டுவிட்டாள். வாய் எண்ணவில்லை, கை மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஊசியைப் பார்க்காமல், மேலே தெரிகிற அத்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று என்று அந்த உதடு பிரிய வேண்டும், அவ்வளவுதான். அத்தை கண்ணை மூடி, உள்ளங்கை முழுவதையும் காதாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வரிசை முடிந்தது, ஊசியைத் திருப்பி அடுத்ததை ஆரம்பித்தாள். அதுவும் முடிந்தது. வழியில் கட்டபெட்டு ஊர்க் கடைகளின் விளக்குகள் பனிக்குள் வந்து பின்னால் போயின. அத்தையின் வாய் மூடியே இருந்தது.